கெத்செமனே: ஒரு பெயரும் அதன் உறவுச் சொற்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

லெந்து நாட்கள் தொடங்கிவிட்டால் எங்கள் வேதபாடக் கூடுகையில், இயேசு பிடிக்கப்பட்ட இரவில் ஜெபித்த இடமாகிய கெத்செமனேயைப் பற்றிய கேள்விகள் வந்துவிடும். இளைஞர்கள் பெயரின் பொருளைக் கேட்பார்கள். பெரியவர்கள், பிரசங்கத்தில் கேட்ட ஒரு விளக்கம் சரிதானா என்று விசாரிப்பார்கள். பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். வேதவசனச் சொற்களைப் பெரும்பாலும் நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்திருக்கிறேன்.

கெத்செமனே என்பதற்கு நேரடிப் பொருள் என்ன?

எண்ணெய்ச் செக்கு. இன்னும் சரியாகச் சொன்னால், எண்ணெய் பிழியும் இடம்.

எபிரெயத்தில் 'கத்' என்றால் பிழியும் ஆலை. 'ஷெமென்' என்றால் எண்ணெய், அதன் பன்மை 'ஷெமானீம்'. இரண்டும் சேர்ந்தால் 'கத் ஷெமானீம்'. இயேசுவின் காலத்து யூதேயாவில் மக்கள் பேசிய அரமேய வாய்மொழியில் கடைசி 'ம்' தேய்ந்து, கிரேக்க எழுத்துக்குப் போனபோது 'கெத்செமனி' என்றும் 'கெத்செமனே' என்றும் ஆனது.

தென் மாவட்டங்களில் செக்கடித் தெரு என்று தெருப்பெயர் கேட்டிருப்பீர்கள். செக்கு போய்ப் பல காலம் ஆகியிருக்கும், பெயர் மட்டும் நிற்கும். கெத்செமனேயும் அந்த வகைப் பெயர்தான். யாரோ ஒரு தீர்க்கதரிசி அர்த்தம் வைத்துச் சூட்டிய பெயர் அல்ல. அங்கே எண்ணெய் ஆட்டினார்கள், அதனால் ஊரார் அப்படிச் சொன்னார்கள்.

எங்கள் பைபிளில் 'கெத்செமனே', கத்தோலிக்க நண்பர் வீட்டு விவிலியத்தில் 'கெத்சமனி'. எது சரி?

இரண்டும் சரி. பழைய அச்சுக் கிரேக்கப் பதிப்புகளில் சொல்லின் இறுதி 'னே' என்று இருந்தது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் வடிவம் அதோடு ஒத்துப்போகிறது. இன்று அறிஞர்கள் பயன்படுத்தும், மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளை ஒட்டிய கிரேக்கப் பதிப்பில் இறுதி 'னி'. லத்தீன் மொழிபெயர்ப்பிலும் 'னி'தான். ஆகவே கத்தோலிக்க வடிவத்தின் முடிவு பழைய பிரதிகளுக்குச் சற்று நெருக்கம். அதற்காக யாரும் பழகிய உச்சரிப்பை மாற்ற வேண்டியதில்லை.

வேதாகமத்தில் இந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது?

இரண்டே முறை. மத்தேயு 26:36, மாற்கு 14:32. இவ்வளவு அறிமுகமான பெயர் இவ்வளவு குறைவாகவா வருகிறது என்று எல்லோருமே ஆச்சரியப்படுவார்கள்.

லூக்கா பெயரைச் சொல்வதே இல்லை. ஒலிவமலைக்குப் போனார், அந்த இடத்தில் சேர்ந்தார் என்று முடித்துவிடுகிறார். யோவானும் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் மற்ற மூவரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறார்: கெதரோன் ஆற்றுக்கு அப்பால் ஒரு தோட்டம் இருந்தது. மத்தேயுவும் மாற்கும் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் ஒரு நிலத்துண்டைக் குறிப்பது. தமிழில் 'இடம்' என்று வந்திருக்கிறது.

அப்படியானால் 'கெத்செமனே தோட்டம்' என்று நாம் சொல்லும் தொடர் நான்கு சுவிசேஷங்களில் ஒன்றில்கூட இல்லை. மத்தேயு, மாற்கிடமிருந்து பெயரையும் யோவானிடமிருந்து தோட்டத்தையும் எடுத்துச் சபையின் நினைவு சேர்த்துக் கட்டிய தொடர் அது. தவறான தொடர் என்று சொல்ல மாட்டேன். ஒலிவ மரங்கள் நிற்கும் தோப்பு, அதன் நடுவிலோ ஓரத்திலோ காய்களைப் பிழிய ஒரு செக்கு: ஒன்றோடொன்று அழகாகப் பொருந்துகிறது.

'கத்' என்பது திராட்சை ஆலை அல்லவா? எண்ணெய்க்கு எப்படி அந்தச் சொல் வந்தது?

கூர்ந்து படிப்பவர்கள் மட்டும் கேட்கும் கேள்வி இது.

பழைய ஏற்பாட்டில் 'கத்' பிழியும் ஆலை என்ற பொருளில் ஐந்து இடங்களில் வருகிறது. மீதியானியருக்குப் பயந்து கிதியோன் கோதுமையைப் போரடித்த இடம் (நியாயாதிபதிகள் 6:11), ஓய்வுநாளில் ஆலை மிதித்தவர்களை நெகேமியா கண்டது (13:15), இரத்தாம்பர வஸ்திரத்தோடு வருகிறவரைப் பற்றிய ஏசாயா 63:2, புலம்பல் 1:15, யோவேல் 3:13. கிதியோன் அதை வேறு வேலைக்குப் பயன்படுத்தினாலும் அது திராட்சை ஆலைதான். மற்ற இடங்களிலும் காலால் மிதித்துத் திராட்சை பிழியும் காட்சியே தெரிகிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் இதற்கு 'ஆலை' என்ற சொல்லை எடுத்தார்கள். கரும்பாலை என்று சொல்லிப் பழகிய மக்களுக்கு அது பொருத்தமான சொல்.

ஒலிவ எண்ணெய்ச் செக்குக்குப் பிற்கால எபிரெயத்தில் தனிச் சொல் உண்டு: 'பேத் பத்'. 'பேத்' என்றால் வீடு. 'பத்' என்பது செக்கில் அழுத்தும் நீண்ட மரத்தண்டைக் குறிக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இன்றும் இஸ்ரவேலில் எண்ணெய் ஆலைக்கு அந்தச் சொல்தான். தனிச் சொல் இருந்தும் இந்த இடத்துக்கு 'கத்' ஏன் என்றால், என் பதில் இரண்டு.

ஒன்று, ஒலிவக் காயையும் ஒரு காலத்தில் காலால் மிதித்திருக்கிறார்கள். மீகா 6:15 ஒலிவம் மிதிப்பதைப் பற்றிப் பேசுகிறது. ஆசேர் தன் காலை எண்ணெயில் தோய்ப்பான் என்று மோசே ஆசீர்வதித்தார் (உபாகமம் 33:24). யோவேல் 2:24-இல் ஆலைத் தொட்டிகள் திராட்சரசத்தாலும் எண்ணெயாலும் ஒருசேர வழிகின்றன. இரண்டு ஆலைக்கும் நடுவே அந்தக் காலத்தில் பெரிய சுவர் இருக்கவில்லை.

இரண்டு, 'கத்' என்ற சொல் ஆதியில் இன்னும் அகலமானது. வடக்கே சிரியாக் கடற்கரையில் இருந்த உகாரித் நகரத்துக் களிமண் பலகைகளில் 'கத்' என்றால் விளைச்சலைச் சேர்த்துப் பதப்படுத்தும் பண்ணை. அங்கே திராட்சையும் உண்டு, ஒலிவமும் உண்டு, தானியமும் உண்டு. ஆகவே 'எண்ணெய்க்கான கத்' என்று பிரித்துச் சொல்வதில் முரண் ஏதும் இல்லை.

கோலியாத்தின் ஊரான காத், இந்த 'கத்' தானா?

ஆம், எழுத்தளவில் அதே சொல். பெலிஸ்தரின் ஐந்து நகரங்களில் ஒன்றான காத், இன்று தெல் எஸ்-சாஃபி என்று அழைக்கப்படும் மேட்டில் இருந்தது என்பது ஆய்வாளர்களின் பரவலான முடிவு. யோனா தீர்க்கதரிசியின் ஊர் காத்தேப்பேர் (2 இராஜாக்கள் 14:25). லேவியருக்குக் கொடுக்கப்பட்ட ஊர்களில் ஒன்று காத்ரிம்மோன்; 'ரிம்மோன்' என்றால் மாதுளை. மீகாவின் ஊர்ப்பெயரான மோர்ஷேத்காத்திலும் இந்தச் சொல் உண்டு. இத்தனை ஊர்கள் இருந்ததால்தான் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைமொழி தேவைப்பட்டது.

காத் ஊரார் 'கித்தியர்'. இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. மகன் அப்சலோமுக்குத் தப்பித் தாவீது எருசலேமை விட்டு ஓடும்போது, திரும்பிப் போ என்று அவன் சொல்லியும் போகாமல் கூடவே வந்தவன் கித்தியனாகிய ஈத்தாய், அந்நிய தேசத்தான். 2 சாமுவேல் 15-ஐ எடுத்து வாசியுங்கள். ராஜா கீதரோன் (யோவானில் கெதரோன்) ஆற்றைக் கடக்கிறான், தலையை மூடிக்கொண்டு வெறுங்காலால் அழுதுகொண்டே ஒலிவமலையில் ஏறுகிறான், 'கத்' ஊர்க்காரன் ஒருவன் உடன் போகிறான். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்துத் தாவீதின் குமாரன் அதே ஆற்றைக் கடந்து, அதே மலையடிவாரத்தில், 'கத்' என்று பெயர் கொண்ட இடத்துக்கு வருகிறார். அவரோடு வந்தவர்களோ தூங்கிவிட்டார்கள். யோவான் கெதரோனைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது தாவீதை நினைத்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'கத்' என்ற சொல் ஒற்றுமையை அவர் நினைத்தார் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவர் கெத்செமனே என்ற பெயரையே எழுதவில்லை.

சங்கீதத் தலைப்பில் வரும் 'கித்தீத்'தும் இதே குடும்பமா?

8, 81, 84 ஆகிய சங்கீதங்களின் தலைப்பில் வருகிறது. நம் மொழிபெயர்ப்பு அதை ஒரு வாத்தியமாக எடுத்துக்கொண்டது, காத் ஊர் வாத்தியம் என்பது போல. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் அதை 'ஆலைகளுக்காக' என்று பெயர்த்தார்கள். திராட்சை மிதிக்கும் நாட்களில் பாடியது என்று புரிந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டு வழியிலும் சொல் 'கத்'துக்கே திரும்புகிறது.

'ஷெமென்' என்ற சொல்லைப் பற்றிச் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளும்.

'ஷெமென்' பழைய ஏற்பாட்டில் 190 தடவைக்கு மேல் வருகிறது. சமையல் எண்ணெய், விளக்கெண்ணெய், காயத்துக்குப் போடும் எண்ணெய், தலைக்குத் தடவும் தைலம், ஆசாரியரையும் ராஜாவையும் ஏற்படுத்தும் அபிஷேக எண்ணெய் எல்லாம் இந்த ஒரே சொல். பெத்தேலில் யாக்கோபு கல்லின்மேல் வார்த்ததும் இதுதான், ஆரோனின் தாடியில் வழிந்ததும் இதுதான்.

அதன் வேர் கொழுப்பைக் குறிக்கிறது. 'ஷாமேன்' என்றால் கொழுத்தது, அதிலிருந்து செழிப்பானது. கானானை வேவு பார்க்கப் போனவர்களிடம் நிலம் 'வளப்பமானதோ இளப்பமானதோ' என்று பார்த்து வரச் சொன்னார் மோசே (எண்ணாகமம் 13:20). எபிரெயத்தில் அங்கே 'கொழுத்ததோ, மெலிந்ததோ' என்றுதான் இருக்கிறது. கொழுமை, கொழுத்த நிலம் என்று நாமும் சொல்கிறோமே, அதே பார்வை. ஏசாயா 5:1-இல் நேசருடைய திராட்சத்தோட்டம் இருந்த செழிப்பான மேடு எபிரெயத்தில் 'எண்ணெயின் மகனாகிய கொம்பு'. மொழிபெயர்ப்பில் அந்தப் படம் தொலைந்துபோகிறது, வேறு வழியும் இல்லை.

இனி அண்டை மொழிகள். அரபியில் இதன் உடன்பிறப்பு 'சம்ன்'. அதன் பொருள் எண்ணெய் அல்ல, உருக்கிய நெய். வளைகுடா நாடுகளில் வேலை செய்தவர்கள் கடை டப்பாக்களில் இந்தச் சொல்லைப் பார்த்திருப்பார்கள். ஒரே வேரில் பிறந்த சொல் எபிரெயனுக்கு எண்ணெய், அரபிக்கு நெய். தமிழனுக்கு இது விளங்காத காரியமே இல்லை. பழந்தமிழில் 'நெய்' என்பது பசுநெய்க்கும் மற்ற எண்ணெய்க்கும் பொதுச் சொல். எள்ளின் நெய்தான் எண்ணெய். தேங்காயெண்ணெய் என்று சொல்லும்போதும், மண்ணெண்ணெய் என்று சொல்லும்போதும் உள்ளே ஓர் எள் ஒளிந்திருக்கிறது.

எள்ளுக்கே வந்துவிட்டோம், அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய பாபிலோனியரின் அக்காத் மொழியில் எண்ணெய்க்கு 'ஷம்னு'. எபிரெய 'ஷெமென்'னின் உறவு. அவர்கள் எள்ளை 'ஷமஷ்ஷம்மு' என்றார்கள், அதாவது செடியின் எண்ணெய். செமித்திய மொழிகளின் அந்த எள் சொல்தான் கிரேக்கத்துக்குப் போய் 'சேசமோன்' ஆகி, ஆங்கிலத்தில் 'செசமி' ஆனது. எள்ளிலிருந்து எண்ணெய்க்குப் பெயர் வைத்தது தமிழ். எண்ணெயிலிருந்து எள்ளுக்குப் பெயர் வைத்தார்கள் பாபிலோனியர். கெத்செமனேயின் பின்பாதியும் நம் எள்ளின் ஆங்கிலப் பெயரும் தூரத்துச் சொந்தம் என்று வகுப்பில் சொன்னால், முதலில் யாரும் நம்புவதில்லை.

ஒலிவ மரத்துக்கு எபிரெயத்தில் என்ன பெயர்? 'ஒலிவம்' என்பது தமிழா?

மரமும் காயும் 'ஸயித்'. அரபியில் 'ஸைத்தூன்', அதன் எண்ணெய் 'ஸைத்'. ஒலிவமலை எபிரெயத்தில் 'ஹர் ஹஸேத்தீம்', ஒலிவ மரங்களின் மலை.

'ஒலிவம்' லத்தீனில் 'ஒலிவா' என்று இருப்பது, ஐரோப்பியர் வழியாக நமக்கு வந்தது. ஆங்கில 'ஆயில்' என்ற பொதுச்சொல்லே அந்தக் குடும்பத்தில் ஒலிவத்திலிருந்து பிறந்தது. எந்த விதையைப் பிழிந்து வாழ்ந்தார்களோ அதன் பெயரே எல்லா எண்ணெய்க்கும் பெயராகியிருக்கிறது.

அங்கே செக்கு எப்படி இருந்திருக்கும்? நம் மரச்செக்கு மாதிரியா?

பொருள் சொல்ல 'செக்கு' சரியான சொல், ஆனால் கருவி வேறு. நம் செக்கில் உரலும் உலக்கையும் மாடும் சேர்ந்து நசுக்குவதையும் பிழிவதையும் ஒரே சுற்றில் முடித்துவிடும். ஒலிவத்துக்கு இரண்டு கட்டம். முதலில் வட்டக் கல்தொட்டியில் காயைக் கொட்டி, மேலே உருளைக்கல்லை உருட்டிக் கூழாக்குவார்கள். கூழைப் பின்னிய கூடைகளில் நிரப்பி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். நீண்ட மரத்தண்டின் ஒரு நுனியைச் சுவரில் குடைந்த குழியில் செருகி, கூடைகளின் மேலாகக் கொண்டுவந்து, மறுநுனியில் கற்களைத் தொங்கவிடுவார்கள். பாரம் ஏற ஏறக் கூடை கசியும். எண்ணெயும் கருத்த நீரும் கலந்து குழியில் சேரும்; மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்துக்கொள்வார்கள்.

எஞ்சிய பிண்ணாக்குக்கு எபிரெயத்தில் 'கெஃபெத்'. அது சூடு தாங்கும் பொருள். ஓய்வுநாளுக்காக உணவைச் சூடாக மூடிவைக்க எதைப் பயன்படுத்தலாம், எதைக் கூடாது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா பேசும்போது, கூடாதவற்றில் இதைச் சேர்க்கிறது, தானாகவே வெப்பத்தைக் கூட்டும் என்பதால்.

அப்படி ஒரு செக்கு அங்கே கண்டுபிடிக்கப்பட்டதா?

ஒலிவமலை அடிவாரத்தில், மரியாளின் கல்லறைக் கோயிலை ஒட்டி ஒரு குகை இருக்கிறது. 1955-இல் வெள்ளம் புகுந்து சேதமானதற்குப் பிறகு, விர்ஜிலியோ கோர்போ என்ற பிரான்சிஸ்கன் சபைத் துறவி அதை ஆராய்ந்தார். செக்கின் மரத்தண்டு செருகும் குழி குகைச் சுவரில் இருந்தது. எண்ணெய் ஆலையாகப் பயன்பட்ட குகை என்பதற்கு அது வலுவான தடயம்.

காலத்தையும் கவனியுங்கள். ஒலிவம் பிழிவது மழை தொடங்கும் இலையுதிர் பருவத்தில். இயேசு பிடிக்கப்பட்ட பஸ்கா பண்டிகை வருவது வசந்தத்தில். பஸ்கா நேரத்தில் செக்கு ஓய்ந்திருக்கும், குகை காலியாக இருக்கும். அந்த இரவு குளிர் என்பது யோவான் 18:18-இல் தெரிகிறது, வேலைக்காரர் கரிநெருப்புண்டாக்கிக் குளிர்காய்ந்தார்கள். இயேசு தம் சீஷரோடு அடிக்கடி அங்கே போயிருந்ததும் யோவான் 18:2-இல் உண்டு. பண்டிகைக்குக் கூட்டம் பிதுங்கும் எருசலேமில் பன்னிரண்டு பேரோடு இரவு தங்க, அறுவடைக்குப் பின் சும்மா கிடக்கும் ஓர் எண்ணெய்க் குகையை விட நல்ல இடம் எது? சீஷர்களைக் குகைக்குள் இருக்கச் சொல்லிவிட்டு அவர் சற்று அப்பால் மரங்களுக்கிடையே போனார் என்று சிலர் கருதுகிறார்கள். நானும் அப்படித்தான் மனதில் பார்க்கிறேன்.

2020 டிசம்பரில் இஸ்ரவேல் தொல்பொருள் துறை அதே பகுதியில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் பழமையான ஒரு சுத்திகரிப்புக் குளத்தை அறிவித்தது. எண்ணெயோ திராட்சரசமோ தயாரிப்பவர்கள் சடங்கு சுத்தத்தோடு வேலை செய்ய இப்படிப்பட்ட குளம் தேவை. ஊர்க் குடியிருப்புக்கு வெளியே அது இருந்தது, அங்கே வேலைத்தளம் இருந்ததோடு பொருந்துகிறது.

இப்போது நிற்கும் ஒலிவ மரங்கள் இயேசு பார்த்தவையா?

அந்த மரங்கள் அல்ல. கி.பி. 70-இல் ரோமத் தளபதி தீத்துவின் படை எருசலேமை முற்றுகையிட்டபோது சுற்றியிருந்த மரங்களை வெட்டி முற்றுகை வேலைகளுக்குப் பயன்படுத்தியதை அக்காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். சகல தேசத்தாரின் ஆலயம் என்று அழைக்கப்படும், 1924-இல் கட்டி முடிக்கப்பட்ட கோயிலின் பக்கத்தில் எட்டு மரங்கள் இருக்கின்றன. இத்தாலிய ஆய்வாளர்கள் அவற்றைச் சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். தண்டின் வயதை அளக்க முடிந்த மூன்று மரங்கள் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எட்டும் மரபணுவில் ஒன்றே, அதாவது ஒரே தாய்மரத்தின் கிளைகளை நட்டு வளர்த்தவை. ஒலிவம் வெட்டினாலும் வேரிலிருந்து துளிர்க்கும் மரம் என்பதால், தண்டின் வயதும் வேரின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் எதையும் கூட்டிச் சொல்லாதீர்கள், 900 ஆண்டுகள் நின்ற மரத்துக்கு அதுவே போதுமான மகிமை.

'கெதரோன்' என்றால் என்ன?

'இருண்டது, கலங்கியது' என்ற பொருளுள்ள எபிரெய வேரிலிருந்து வருவதாகச் சொல்வார்கள். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் காட்டாறு அது. யோவான் எழுதிய கிரேக்கச் சொல்லே குளிர்காலத்து வெள்ளத்தைக் குறிப்பது. சில கிரேக்கப் பிரதிகளில் பெயர் 'கேதுரு மரங்களின் ஆறு' என்று மாறியிருக்கிறது. எபிரெயம் தெரியாத எழுத்தர்கள், காதில் விழுந்ததைத் தமக்குத் தெரிந்த சொல்லாக எழுதிவிட்டார்கள்.

பிற்காலத்து மரபு இந்தப் பள்ளத்தாக்கையே யோவேல் சொன்ன யோசபாத்தின் பள்ளத்தாக்கு என்று எடுத்துக்கொண்டது. அந்தப் பகுதியில்தான் 'ஆலை நிரம்பியிருக்கிறது' என்ற நியாயத்தீர்ப்பு வாக்கியம் வருகிறது, அங்கே உள்ள சொல்லும் 'கத்'.

கெத்செமனேக்கு 'கொழுமையான பள்ளத்தாக்கு' என்றும் பொருள் உண்டா?

உண்டு என்று எழுதியவர் எரோனிமுஸ், லத்தீன் வேதாகமத்தைத் தந்தவர். எபிரெயத்தில் 'கே' என்றால் பள்ளத்தாக்கு. ஏசாயா 28:1-இல் 'கே ஷெமானீம்', செழிப்பான பள்ளத்தாக்கு, என்று ஒரு தொடர் இருக்கிறது. பெயரை அதோடு சேர்த்துப் படித்தார். ஆனால் கிரேக்க வடிவத்தில் நடுவே தெளிவாக நிற்கும் 'த்' ஓசைக்கு இந்த விளக்கத்தில் இடமில்லை. 'கத்' என்று பிரித்தால் அந்த ஓசை தன் இடத்தில் உட்காருகிறது. நான் செக்கின் பக்கமே நிற்கிறேன்.

மேசியா, கிறிஸ்து என்ற சொற்களுக்கும் எண்ணெய்க்கும் தொடர்பு என்கிறார்களே?

நேரடித் தொடர்பு. எபிரெயத்தில் 'மாஷாஹ்' என்றால் எண்ணெய் பூசுவது. பூசப்பட்டவர் 'மாஷியாஹ்', அதுவே மேசியா. கிரேக்கத்தில் பூசுவதற்கு 'க்ரியோ', பூசப்பட்டவர் 'கிறிஸ்து'. மேசியா என்பதற்குக் கிறிஸ்து என்று அர்த்தம் என்று யோவான் 1:41 சொல்லிக் கொடுக்கிறது. அரமேயத்தில் எண்ணெய்க்கே 'மிஷ்ஹா' என்று பெயர். மேசியா என்ற சொல்லின் வேர்தான். தமிழில் நாம் 'அபிஷேகம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டதால், கேட்பவர் மனதில் எண்ணெயை விடத் தண்ணீரும் பாலும் முந்தி வந்துவிடுகின்றன.

ஆக, எண்ணெய் பூசப்பட்டவர் என்று பட்டம் பெற்றவர் எண்ணெய் பிழியும் இடத்தில் முகங்குப்புற விழுந்து ஜெபித்தார். இந்தப் பொருத்தத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

"ஒலிவம் நசுங்கியது போல அவரும் நசுக்கப்பட்டார், அதனால்தான் அந்தப் பெயர்" என்று பிரசங்கத்தில் கேட்டேன். சரியா?

தியானமாகச் சரி, காரணமாகச் சரியில்லை. பெயர் முன்பே இருந்தது. மத்தேயுவும் மாற்கும் பெயரை மொழிபெயர்க்கவும் இல்லை, அதை வைத்து ஒரு வரியும் கட்டவில்லை. கொல்கொதாவுக்குக் கபாலஸ்தலம் என்று பொருள் சொன்ன மாற்கு (15:22), கெத்செமனேக்குச் சொல்லவில்லை. பொருளில் செய்தி வைக்க நினைத்திருந்தால் சொல்லியிருப்பார். இரத்தத்தின் பெருந்துளிகளைப் போன்ற வேர்வையைப் பற்றி எழுதிய லூக்கா, இடத்தின் பெயரையே விட்டுவிட்டார். சொட்டுச் சொட்டாகக் கசியும் எண்ணெய்க் கூடையோடு அதை இணைப்பது நாம்தான்.

இணைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. துயரத்துக்குப் பதிலாக ஆனந்த தைலம் என்று ஏசாயா 61:3 வாக்களிக்கிறது, அங்கேயும் சொல் 'ஷெமென்'. அந்தத் தைலம் எங்கே பிழியப்பட்டது என்று ஒரு போதகர் கேட்டால் நான் கண்ணீரோடு கேட்பேன். "இதுதான் பெயர்க்காரணம்" என்று சொன்னால் மட்டும், கூட்டம் முடிந்தபின் போய் மெதுவாகப் பேசுவேன்.

சீமோன், சாமுவேல், 'ஷேம்' என்ற பெயர்களெல்லாம் 'ஷெமென்'னோடு தொடர்புள்ளவையா?

இல்லை, ஓசை மட்டுமே ஒன்று. 'ஷேம்' என்றால் பெயர். சீமோன், கேட்பதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது (ஆதியாகமம் 29:33-இல் லேயாள் சிமியோனுக்குப் பெயரிட்டதைப் பாருங்கள்).

ஆனால் ஓசை ஒற்றுமையை எபிரெயக் கவிகள் ரசித்தார்கள். பரிமளதைலத்தைவிட நற்கீர்த்தி நல்லது என்று பிரசங்கி 7:1 சொல்வது எபிரெயத்தில் 'தோவ் ஷேம் மிஷ்ஷெமென் தோவ்'. 'ஷேம்', 'ஷெமென்' இரண்டும் நம் எதுகை போல எதிரொலிக்கும். உன்னதப்பாட்டு 1:3-இலும் இதே ஜோடிதான்: ஊற்றுண்ட தைலம், உம்முடைய நாமம். கெத்செமனேயில் இயேசு பேதுருவை அவனுடைய பழைய பெயரால் "சீமோனே, நித்திரைபண்ணுகிறாயா?" என்று கேட்டதும் (மாற்கு 14:37) எனக்கு நினைவு வரும். கேட்கிறவன் என்று பெயர், உறங்கிக் கிடந்தான்.

கெத்செமனேயில் இயேசு 'அப்பா' என்று அழைத்தாரே, அது தமிழ்ச் சொல்லா?

மாற்கு 14:36-இல் "அப்பா பிதாவே" என்று வாசிக்கிறோம். பல ஆண்டுகள் நானும் முதல் சொல்லைத் தமிழ் என்றே நினைத்து வாசித்தேன். அது அரமேயச் சொல். அரமேயத்தில் தகப்பனை 'அப்பா' என்றுதான் அழைப்பார்கள். மாற்கு கிரேக்கத்தில் எழுதும்போதும் அதைக் கிரேக்கமாக்காமல் ஒலியை அப்படியே வைத்து, பக்கத்தில் 'பிதாவே' என்ற கிரேக்கப் பொருளைச் சேர்த்தார். தமிழ் மொழிபெயர்ப்பும் ஒலியை அப்படியே வைத்தது; நம் வீட்டில் பிள்ளைகள் கூப்பிடும் சொல்லோடு அது தற்செயலாக ஒன்றாகிவிட்டது. இரு மொழிக்கும் வம்ச உறவு இல்லை. ஆனால் வேறு பல மொழிகளில் வாசிப்பவர்களுக்கு அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டிய சொல், தமிழ்ப் பிள்ளைக்கு விளக்கமே இல்லாமல் புரிந்துவிடுகிறது.

புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் மூன்று இடங்களில்தான். மற்ற இரண்டில், ரோமர் 8:15-இல் ஆவியினாலே விசுவாசிகள் அப்படிக் கூப்பிடுகிறார்கள், கலாத்தியர் 4:6-இல் அவர்களுக்குள் இருக்கும் ஆவியானவர் கூப்பிடுகிறார். இயேசுவின் சொந்த வாயிலிருந்து அது பதிவாகியிருப்பது அந்தச் செக்கடியில் மட்டும்.